சூடு தெரியாத இடம்

ஒருவர் ‘சூடே தெரியல சார்’ என்று சொன்னால், ஒத்தடப் பையில் சூடு குறைவு என்று அர்த்தம். பிசியோதெரபி தொழிலுக்கு வந்த முதல் வருடம் இதை நான் முழுமனதாக நம்பினேன். சொல்பவரின் தோலில் ஏதாவது குறை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படிப்பில் அது இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் எழுதியதை எல்லாம் நம்பும் பழக்கம்தான் எனக்கு இல்லை.

போன மாதம் என் கிளினிக்கை மூடிவிட்டேன். ஐம்பத்தாறு வயதுதான் ஆகிறது. ஆனால் அடுத்தவர் முதுகுக்கு முப்பது வருடம் உழைத்ததில் என் முதுகு ராஜினாமா கொடுத்துவிட்டது. புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பயந்து நடுங்கிய சமயங்களை எண்ணிப் பார்த்தேன். அதில் சரக்கு ஏராளம். அவற்றில் ஒன்று இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. சேலையூர் பக்கம் பன்னிரண்டு படுக்கை போட்ட ஒரு தனியார் மருத்துவமனை. அதில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்குப் பிசியோதெரபி பிரிவு என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு திரை, வெந்நீர்த் தொட்டி ஒன்று. தொட்டிக்குள் ஹாட் பேக்குகள் எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான்: களிமண் மாதிரி ஒன்றை அடைத்த கான்வாஸ் பை, எடுத்தால் ஆவி பறக்கும். துண்டில் ஆறு மடிப்பு சுற்றித்தான் உடம்பில் வைக்க வேண்டும். பிரிவின் தலைவர் நான். ஊழியரும் நான்தான். இருபத்து நாலு வயதில் ஊரே ‘சார்’ என்று கூப்பிட்டால் மனிதன் என்னவெல்லாம் ஆவான் என்பதற்கு நான் நடமாடும் சாட்சி.

பெண் நோயாளிகள் வந்தால் பவுனம்மா வருவார். மருத்துவமனையின் மூத்த ஆயா. திரைக்கு உள்ளே அவர், வெளியே நான். நான் வெளியிலிருந்து சொல்வேன். அவர் உள்ளே செய்வார். அந்தக் காலத்தில் ஒரு வாலிபன் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்து வைத்தியம் செய்வதை அவள் வீட்டாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவளும் மாட்டாள். எனக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

சுலோச்சனா அக்கா வந்தது இப்படி ஒரு காலையில்தான். எனக்கு அவரை முன்பே தெரியும். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இட்லிக் கடை வைத்திருந்தார். நான் செம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தினமும் சைக்கிளை அவர் கடையில் நிறுத்தி, பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். வருடக்கணக்காக ஆட்டுக்கல்லில் மாவாட்டியதில் அவருக்கு வலது தோள்பட்டையும் அதற்குக் கீழே முதுகும் பிடித்துக்கொண்டிருந்தன. பெரிய டாக்டர் பார்த்துவிட்டுப் பத்து நாள் சூடு வைக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

சூடு வைக்கும் முன் தோலுக்குச் சூடும் குளிர்ச்சியும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சோதனைக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி, எங்கே சூடு வைக்கப் போகிறோமோ அங்கே மாற்றி மாற்றித் தொட வேண்டும். நானும் பார்த்தேன். அக்காவின் கையில். முதுகில் பார்க்கக் கூச்சம். கையை நீட்டச் சொல்லி இரண்டு குழாயையும் வைத்தேன்.

“இன்னா சார், இதுகூடவா தெர்யாது? இது சுடுது, இது ஜில்லுனு கீது,” என்று சிரித்தார்.

‘உணர்ச்சி சரியாக உள்ளது’ என்று கார்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அழகான கையெழுத்து.

முதல் நாள் ஆறு மடிப்பு, ரவிக்கைக்கு மேலேயே. சூடு பத்தவில்லை என்றார். இரண்டாம் நாள் ஐந்து. அன்றும் அதே புகார். கொஞ்சம் கூடுதலாகவும் சொன்னார்: “மேல நல்லா சுர்ருனு கீது சார். கீழதான் ஒண்ணுமே தெர்ல.” இதைக் கேட்டதும் உங்களில் யாருக்காவது பையை எடுக்கக் கை போனால், நீங்கள் அன்றைய என்னைவிட நல்ல பிசியோ. நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? பைக்குள் சரக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. மூன்றாம் நாள் பையை நன்றாக உதறி, தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். அப்போதும் மேலே சுட்டது, கீழே சுடவில்லை. என் மூளை அசரவில்லை. நாலாம் நாள் துண்டை மூன்று மடிப்பாகக் குறைத்தேன்.

இருபது நிமிடம் கழித்துத் திரைக்கு உள்ளிருந்து பவுனம்மாவின் குரல் வந்தது. ஈர ரவிக்கையை மாற்றுவதற்காகக் கழற்றியிருக்கிறார்கள்.

“சார், இந்தம்மா முதுகுல கொப்புளம் கீது. எட்டணா சைசுக்கு ரெண்டு. அது வலிக்கவே இல்லன்னுது.”

நான் அப்போது செய்ததை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்போது நிதானம் இல்லை. வெளியே ஓடினேன். கேம்ப் ரோடு முனையில் ஒரு ஜூஸ் கடை. கடைக்காரர் கோணிக்குள் மரத்தூள் போட்டு ஐஸ் கட்டி வைத்திருப்பார். கேட்கக்கூட இல்லை, பாதிக் கட்டியைத் தூக்கினேன். வெள்ளைக் கோட்டில் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் ஓடி வந்தேன். கடைக்காரர் பின்னாலேயே வந்து, யாருக்கு சார் கல்யாணம் என்று கேட்டார். சூடு வைத்ததால் வந்தது, குளிர் வைத்தால் போய்விடும். கூட்டல் கழித்தல் கணக்கு. நான் வந்து சேர்ந்தபோது பவுனம்மா அக்காவைப் பின்பக்கக் குழாயடியில் உட்கார வைத்து, மறைப்புக்குப் போர்வையைக் கட்டிவிட்டு, செம்பால் சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். கோட்டிலிருந்து ஒழுகுவதைப் பார்த்தார்.

“அத உங்க தலைல வெச்சுக்கோங்க சார்,” என்றார்.

ஐஸை அந்த முதுகில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. சூடு தெரியாத தோலுக்குக் குளிரும் தெரியாது. வெந்த இடத்தைப் பனியால் இன்னொரு முறை கெடுத்திருப்பேன், அக்காவும் ‘ஒண்ணும் தெர்ல சார்’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலி இல்லை என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்டுப் பழகுங்கள்.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முதலில் அக்காவிடம், இது எங்கள் தவறு என்று நேராகச் சொன்னார். பிறகு அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, கொப்புளத்தைச் சுற்றிப் பஞ்சுத் திரியால் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். அக்கா சொல்லவில்லை. குண்டூசி முனையால் தொட்டார். அதற்கும் இல்லை. கொப்புளத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. தலைக்குக் குளிப்பாட்டிவிடும் தங்கை அதைப் பார்த்துத் தேமல் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா தன் கண்ணால் பார்த்ததே இல்லை. முதுகை யார் பார்க்கிறார்கள்.

டாக்டர் கார்டைப் புரட்டினார்.

“உணர்ச்சி சரியா இருக்குன்னு எழுதியிருக்கியே, எங்கப்பா பார்த்தே?”

“கையில சார்.”

“வலி எங்க?”

“முதுகுல சார்.”

கார்டை மூடி என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் அக்காவை வரவழைத்தார். கதவைச் சாத்திவிட்டு, பவுனம்மாவையும் என்னையும் நிற்க வைத்துக்கொண்டு, ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். தொழுநோய். அக்கா அதை ஊர் சொல்லும் இன்னொரு வார்த்தையில் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அழவில்லை. கையைத் திருப்பி விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

“கடைய மூடணுமா டாக்டர்?”

மூட வேண்டாம் என்றார் அவர். அக்காவுக்கு வந்திருப்பது அடுத்தவருக்குத் தொற்றாத வகை. இட்லியாலும் சட்னியாலும் யாருக்கும் எதுவும் போகாது. ஆறு மாதம் மாத்திரை. மாதத்துக்கு ஒரு தடவை அவர் கண்முன்னால் விழுங்க வேண்டும், மற்றபடி தினமும் வீட்டில் ஒன்று. முழுசாகக் குணமாகும்.

“நீங்க சொல்றீங்க. ஊரு ஒத்துக்கணுமே,” என்றார் அக்கா. “ஜங்ஷன்ல முன்ன ஒருத்தரு டீக்கடை வெச்சிருந்தாரு. வெரல் மடங்கிப்போச்சு அவருக்கு. ஒரே வாரம் டாக்டர். கிளாஸத் தொட ஆளில்ல. எங்க போனாருன்னே தெர்ல இன்னிக்கி வரைக்கும்.”

டாக்டர் மறுக்கவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் அக்காவுக்கு இல்லை என்றும், இந்த அறையிலிருந்து வார்த்தை வெளியே போகாது என்றும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

என் வாய் வார்த்தையைக் காப்பாற்றியது. மிச்ச உடம்புதான் காட்டிக்கொடுத்தது.

அன்று மாலை அறைக்குப் போனதும் ஒரு கணக்கு போட்டேன். ஒரு நாளைக்கு நாலு இட்லி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து. பத்து மாதம். டாக்டர் சொன்ன அத்தனையும் எனக்குப் புத்தகத்திலேயே தெரியும். தொற்றாத வகை என்றால் தொற்றாத வகைதான். ஆனால் புத்தகம் தலையில் இருந்தது, இட்லி வயிற்றில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து இரண்டு சோதனைக் குழாய்களை ஜேபியில் போட்டு எடுத்து வந்திருந்தேன். வெந்நீரையும் பானைத் தண்ணீரையும் ஊற்றி, இடுப்புத் துண்டோடு நின்று, உச்சி முதல் கால் வரை என்னை நானே சோதித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு குழாயும் என் கையில்தான் இருக்கின்றன, எது எதில் என்று எனக்கே தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை. அறையைப் பகிர்ந்துகொண்ட மோகன், டைப்ரைட்டிங் சொல்லித்தருபவன், உள்ளே வந்து சற்று நேரம் பார்த்தான். எந்த மந்திரவாதிடா சொன்னான் இதை என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

வலது குதிகாலில் ஒரு இடத்தில் சூடு தெரியவில்லை.

மறுநாள் பெரிய டாக்டரின் முன்னால் செருப்பைக் கழற்றி நின்றேன். முகத்தில் உயில் எழுதக் கிளம்பியவனின் சாந்தம். அவர் குதிகாலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது காய்ப்பு, சைக்கிள் மிதிக்கிற கால், வாரம் ஒரு தடவை படிக்கல்லில் தேய் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சிரியுங்கள். நானே சிரிக்கிறேன். ஆனால் அடுத்து நான் செய்ததற்குச் சிரிப்பு வராது. காய்ப்பு என்று தெரிந்த பிறகும் நான் இட்லிக் கடைக்குப் போகவில்லை. காலையில் ஜங்ஷன் பக்கமே வராமல் ஏரிக்கரை மண்பாதையில் சைக்கிளை மிதித்தேன். வயிறு சரியில்லை, அதனால் டிபன் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பாதை சுற்று. குண்டும் குழியும். வயிறு சரியில்லாதவன் போகிற பாதை இல்லை. எட்டு நாள் போனேன்.

தீப்புண்ணுக்குக் கட்டு மாற்ற அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். திரைக்கு உள்ளே பவுனம்மா கட்டு மாற்றுவார். வெளியே நான் ஏதோ எழுதுகிற மாதிரி இருப்பேன். ஒன்பதாம் நாள் திரைக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

“சார், அங்கதான் கீறீங்களா?”

“இருக்கேங்க.”

“போஸ்ட்மேன் அய்யா தெனம் கேக்குறாரு, அந்த ஆஸ்பத்திரி சார் ஏன் இந்தப் பக்கம் வர்றதில்லன்னு. ஒரு ஆளு கேட்டா சமாளிச்சுக்கலாம். நேத்து மூணு பேரு கேட்டாங்கோ. ஆஸ்பத்திரி ஆளே சாப்புட வர்ல, இன்னா சமாச்சாரம்னு ஒருத்தரு சிரிச்சுக்கினே கேட்டாரு.”

நான் பேனாவை மூடினேன். திறந்தேன்.

“உங்களுக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். “காமாலை எத்தினி நாளைக்கு இருக்கும் சார்?” என்றார்.

முதுகை வேகவைத்தவன் நான். அந்த அம்மாள் முதுகில் கட்டோடு மாவாட்டிக்கொண்டு, கடையைக் காப்பாற்ற வேண்டி என்னுடைய கோழைத்தனத்துக்கும் சேர்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். ஒரு கடையைக் காலி செய்ய நோயின் பெயரை யாரும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. விஷயம் தெரிந்த ஒருவன் சைக்கிளை வேறு பாதையில் திருப்பினால் போதும். அந்த ஒருவன் நான்.

“நாளையோட சரியாயிடும்க்கா,” என்றேன். அன்றுதான் முதல் தடவையாக அவரை அக்கா என்று கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை போனேன். கூட்டம் நன்றாக இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன்; எல்லோரும் பார்க்க வேண்டும். பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று ஆளுக்கு ஒரு தடவை என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள். அக்கா தட்டில் நாலு இட்லி வைத்தார். முதல் துண்டைப் பிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து வாயில் போட்டேன். காமாலை வந்தவனுக்கு வாய் கசக்கத்தானே செய்யும் என்று போஸ்ட்மேன் அய்யா பரிதாபப்பட்டார். சட்னிக்குக் கையை நீட்டினேன்.

“காமாலைக்காரருக்குக் காரம் ஆவாது சார்,” என்று அக்கா சட்னி வாளியை அந்தப் பக்கம் நகர்த்தினார். சர்க்கரை வைத்தார்.

பத்து நாள் சர்க்கரை தொட்டு இட்லி தின்றேன். போதாததற்கு போஸ்ட்மேன் அய்யா தன் வீட்டுத் தோட்டத்துக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, மூடி போட்ட கிளாஸில் தினமும் கொண்டுவந்தார். நான் கடைசிச் சொட்டு வரை விழுங்குகிறேனா என்று எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். வராத நோய்க்கு அவ்வளவு பத்தியம் இருந்தவன் தாம்பரம் வட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அக்கா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது தோள் மட்டும் லேசாகக் குலுங்கும்.

பிறகு பல வருடம் இந்தக் கதையை நான் வேறு மாதிரி முடித்து வைத்திருந்தேன், எனக்குள். அந்தத் தீப்புண் மட்டும் வராமல் இருந்திருந்தால் நோய் தெரிந்தே இருக்காது, ஆகவே ஒரு விதத்தில் நான்தான் கண்டுபிடித்தேன் என்று. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு ஆறுதல் தோன்றும். அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே அந்த இரண்டு குழாயையும் பவுனம்மா கையில் கொடுத்து, திரைக்கு உள்ளே முதுகில் வைத்துக் கேட்கச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும், ஒரு கொப்புளமும் இல்லாமல். கூச்சம் நியாயமானது. அதைக் காரணம் காட்டிச் சோதனையை வேறு இடத்தில் செய்தது நியாயமில்லை. அதற்குப் பிறகு சூடு வைத்தாலும் ஐஸ் வைத்தாலும், வைக்கிற இடத்தில் சோதிக்காமல் நான் வைத்ததில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் விட்டதும் இல்லை. ‘தெரியல’ என்று யாராவது சொன்னால் துண்டில் கை வைக்க மாட்டேன், பையை எடுத்துவிடுவேன்.

நடந்தது இவ்வளவுதான். சுலோச்சனா அக்கா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார், ஒரு நாள் தவறவில்லை. நோய் குணமானது. வெளுப்பு மங்கியது, அந்த இடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, தழும்பு நின்றுவிட்டது. தோள்பட்டை வலி என் சூட்டால் போகவில்லை; அடுத்த வருடம் வீட்டில் கிரைண்டர் வாங்கினார்கள், போய்விட்டது. கடையை ஒரு நாளும் மூடவில்லை.